ஐயாவிடம் கணக்குக் கேட்கலாமா?

கேள்வி:

எனக்கு வயது 43. கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு 69. அரசு உதவி பெறும் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். 2014-ல் அப்பா காலமான பிறகு ஓர் ஆசிரமத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே இருப்பவரை எல்லோரும் ‘ஐயா’ என்பார்கள். மாத ஓய்வூதியம் 38,000 ரூபாயில் 18,000 ரூபாய் நான்கு வருடமாக அங்கேதான் போகிறது. தியான மண்டபக் கட்டட நிதிக்கு நான்கு பவுன் வளையலையும் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஐயா வலம் வருவது ஒரு கோடி ரூபாய்க்கு மேல் விலையுள்ள காரில். சேவைக்குப் போகிறவர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அம்மா ரத்த அழுத்த மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுகிறார்; கேட்டால் ‘ஐயா பார்த்துக்கொள்வார்’ என்கிறார். அண்ணன் அந்தக் காரின் படங்களை அம்மாவுக்கு அனுப்பி அனுப்பி, இப்போது இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா கட்டிய வீட்டை ஆசிரமத்துக்கு எழுதி வைக்கப்போவதாகப் போன வாரம் அம்மா சொன்னார். பட்டா அவர் பெயரில்தான் இருக்கிறது. சட்டப்படி தடுக்க முடியுமா? தடுப்பது பாவமா?

— வாசகி, கரூர்

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது ‘பட்டா’ என்ற சொல்லில் கண் நின்றுவிட்டது. முப்பத்தெட்டு வருடம் பிறர் கணக்கைப் பார்த்தே பிழைத்த ஆடிட்டரின் புத்தி அது. எனவே காரைப் பற்றிப் பிறகு பேசலாம்; வீட்டை முதலில் பார்த்துவிடுவோம்.

அப்பா கட்டிய வீடு என்கிறீர்கள். அவர் உயில் ஏதும் எழுதாமல் போயிருந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் கண் மூடிய கணத்திலேயே அந்த வீடு அம்மா, அண்ணன், நீங்கள் ஆகிய மூவருக்கும் சமபங்காக வந்துவிட்டது. அப்பாவைப் பெற்ற பாட்டி அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. வசதிக்காக அம்மா பெயருக்கு மாற்றியிருப்பீர்கள்; அதனால் மட்டும் முழு வீடும் அவருடையதாகிவிடாது. அவர் ஆசிரமத்துக்கு எதை எழுதினாலும் அவருடைய பங்கைத்தான் எழுத முடியும்.

இதில் இரண்டு விஷயங்களை உடனே சரிபாருங்கள். மனையை அப்பா யார் பெயரில் வாங்கினார் என்று மூலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அம்மா பெயரிலேயே வாங்கியிருந்தால் நான் மேலே எழுதியது செல்லாது. அடுத்து, நீங்களோ அண்ணனோ எப்போதாவது உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தீர்களா? அப்பா இறந்த சமயத்தில் ‘ஒரு கையெழுத்துப் போடும்மா’ என்று யாராவது நீட்டிய காகிதத்தில் போட்டிருந்தால் அதுவும் கணக்கில் சேரும். சார் பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழுக்கு மனுப் போட்டால் பதிவான அத்தனையும் வெளியே வந்துவிடும். வாரிசுச் சான்றிதழையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அவருடைய பங்கை எழுதுவதையாவது தடுக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது. சுயநினைவோடு இருக்கும் 69 வயதுப் பெண்மணி தன் சொத்தைத் தன் விருப்பப்படி கொடுப்பதைப் பிள்ளைகள் தடுக்கச் சட்டத்தில் வழியில்லை. இருக்கவும் கூடாது என்பதுதான் என் கட்சி. இன்றைக்கு ஆசிரமத்துக்குக் கொடுப்பதைத் தடுக்கிற சட்டம், நாளைக்கு அவர் உங்களுக்கு ஒரு வளையல் கொடுப்பதை அண்ணன் தடுக்கவும் உதவும்.

ஆனால் குருவுக்கும் சீடருக்கும் இடையில் நடக்கும் கொடுக்கல் வாங்கலைச் சட்டம் எப்போதுமே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 16-ஆம் பிரிவில் ‘தகாத செல்வாக்கு’ என்று ஒன்றைச் சொல்கிறது. ஒருவருடைய மனத்தை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர், அந்த இடத்தைப் பயன்படுத்தி நியாயமற்ற லாபம் அடைவது அது. 1890-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்த்த மன்னு சிங் எதிர் உமாதத் பாண்டே வழக்கு சட்ட மாணவர்களுக்கு மனப்பாடம். ஒரு முதியவர், மறுமையில் தன் ஆன்மாவுக்கு நன்மை கிடைக்கும் என்று நம்பித் தன் சொத்து முழுவதையும் குருவுக்குத் தானமாக எழுதினார். பிறகு மனம் மாறி வழக்குப் போட்டார். பத்திரம் செல்லாமல் போயிற்று. நூற்று முப்பது வருடத்துக்கு மேலாகியும் கதை அப்படியே இருக்கிறது. ஊரும் பேரும்தான் மாறியிருக்கின்றன.

அந்த வழக்கை அந்த முதியவரேதான் போட்டார் என்பதைக் கவனியுங்கள். நாளை உங்கள் அம்மாவுக்கு மனம் மாறினால் அவர் போடலாம். அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் முயலலாம். அவர் இருக்கும்போது, அவர் விரும்பிக் கொடுத்ததை எதிர்த்து நீங்கள் போட முடியாது. பத்திரத்தை ரத்துச் செய்யக் கேட்பதற்கு விவரம் தெரிந்ததிலிருந்து மூன்று வருடமே காலவரம்பு. இங்கிலாந்தில் இதே போல ஒரு கன்னியர் சபைக்குத் தன் சொத்தையெல்லாம் கொடுத்த பெண்மணி ஒருவர் 1879-ல் சபையை விட்டு வெளியேறினார். வழக்குப் போட்டது 1885-ல். செல்வாக்கு இருந்தது உண்மை, ஆனால் இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டீர்களே என்று 1887-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

இனி காருக்கு வருவோம். உங்கள் அண்ணன் செய்வது எனக்குப் புரிகிறது. படத்தைப் பார்த்தால் அம்மாவுக்குக் கண் திறக்கும் என்று நினைக்கிறார். ஆனால் அந்தக் காரை அம்மா உங்கள் அண்ணனுக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறார், ஒருவேளை அதற்கு மாலையும் போட்டிருக்கிறார். அது ரகசியம் இல்லை. ரகசியமாக இருந்தால்தானே வெளியானதும் மானம் போகும்?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1981 முதல் 1985 வரை, பின்னாளில் ஓஷோ என்று அழைக்கப்பட்ட குரு ரஜனீஷ் இருந்தபோது அவருக்கு 93 ரோல்ஸ் ராய்ஸ் கார்கள் சேர்ந்தன. சீடர்கள் வயலிலும் சமையலறையிலும் கட்டட வேலையிலும் சம்பளம் இல்லாமல் காலை முதல் இரவு வரை உழைத்தார்கள். தினமும் பிற்பகலில் அவர் ஒரு காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவார். சீடர்கள் சாலையோரம் வரிசையாக நின்று, கைகூப்பிப் பாடி வரவேற்பார்கள். யாருக்கும் வயிறு எரிந்ததாகத் தெரியவில்லை. அந்தக் கார்கள் ஒரு வகையில் அவர்களுடையவை. தான் பஸ்ஸில் போனாலும் தன் குரு அப்படிப் போகிறார் என்பதில் ஒரு பெருமிதம் இருக்கிறது. உங்கள் அம்மா கைவளையலைக் கழற்றியபோது இழந்ததாக நினைத்திருக்க மாட்டார். ஏதோ ஒரு பெரிய சொத்தில் பங்கு வாங்கியதாகத்தான் நினைத்திருப்பார். அண்ணன் காரைப் பழிக்கும்போது அம்மாவின் பங்கைப் பழிக்கிறார். பேச்சு நின்றதில் வியப்பில்லை.

இந்த மனநிலை நமக்குப் புதிதும் இல்லை. என் பாட்டி காங்கேயத்துக்காரர். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவார். மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசு அவர் சாப்பாட்டில் மிச்சம் பிடித்தது. அங்கே முருகன் தங்கத் தேரில் வருவதைப் பார்த்துக் கண்ணீர் விடுவார். ‘நமக்குக் கம்பங்கூழ், அவனுக்குத் தங்கத் தேரா?’ என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்தக் கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது. கடவுளுக்குச் செய்கிற அந்த மனத்தை உங்கள் அம்மா அப்படியே ஒரு மனிதருக்கு இடம் மாற்றிவிட்டார்.

இங்கேதான் ஆடிட்டராக எனக்கு ஒரு வித்தியாசம் தெரிகிறது. சட்டத்தின் கண்ணில் கோயில் தெய்வம் ஒரு நபர். சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்கும் தொடுக்கலாம். ஆனால் தானாக எதையும் நிர்வகிக்க முடியாததால் தெய்வத்தை மைனராகவே பாவிக்கிறார்கள். ஆகவே அந்தச் சொத்தை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர் இன்னொருவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். பழனியில் உண்டியல் திறந்தால் அறநிலையத் துறை அதிகாரிகள் முன்னிலையில் வங்கி ஊழியர்களும் கல்லூரி மாணவர்களும் உட்கார்ந்து எண்ணுகிறார்கள். ரொக்கம் எவ்வளவு, தங்கம் எத்தனை கிராம் என்று நாளிதழில் செய்தி வருகிறது. அங்கே ஓட்டையே இல்லை என்று சொல்ல நான் குழந்தை இல்லை. ஆனாலும் எண்ணுகிறவன் வேறு, உரியவர் வேறு என்ற ஏற்பாடு அங்கே இருக்கிறது. உங்கள் ஐயா மைனர் இல்லை. காசோலையில் அவரே கையெழுத்துப் போடுகிறார்.

தட்டிக் கேட்க ஆளில்லாவிட்டால் தம்பி சண்டப்பிரசண்டன் என்பார்கள். ஜெர்மனியில் லிம்பர்க் நகரத்துக் கத்தோலிக்க ஆயர் ஒருவர் தன் இல்ல வளாகத்துக்கு மூன்று கோடி யூரோவுக்கு மேல் செலவழித்தது 2013-ல் பெரிய விவகாரம் ஆயிற்று. அந்த ஆண்டே போப் பிரான்சிஸ் அவரை விலக்கி வைத்தார். 2014 மார்ச்சில் அவருடைய பதவி விலகல் ஏற்கப்பட்டது. கேட்பதற்கு அவருக்கு மேலே ஒருவர் இருந்தார். உங்கள் ஐயாவுக்கு மேலே யார் இருக்கிறார்? ஆண்டவன்தான் என்றால், அவர் ஆடிட் குறிப்பு எழுதுவதில்லை.

கட்டட நிதி என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் சிங்கப்பூர் நினைவுக்கு வந்தது. அங்கே சிட்டி ஹார்வெஸ்ட் என்ற பெரிய தேவாலயத்தில் கட்டடத்துக்கென்று உறுப்பினர்கள் பணம் கொடுத்தார்கள். அதில் ஒரு பகுதி, கடன் பத்திரத்தில் முதலீடு என்ற பெயரில் சில நிறுவனங்களுக்குப் போய், அங்கிருந்து போதகரின் மனைவி பாப் பாடகியாவதற்குச் செலவாயிற்று. பிறகு அதை மறைக்க இன்னொரு சுற்றுப் பணம். மொத்தம் 5 கோடி சிங்கப்பூர் டாலர். 2015-ல் போதகர் உட்பட ஆறு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. போதகருக்கு எட்டு வருடச் சிறை. 2017-ல் மேல்முறையீட்டில் அது மூன்றரை வருடமாகக் குறைந்தது. யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டதாக நிரூபிக்கப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டின் மூலம் மதத்தைப் பரப்புகிறோம் என்பதே அவர்கள் வாதம். ஆனால் கொடுத்தவர்கள் கட்டடத்துக்கென்று கொடுத்தார்கள். எனக்கு அந்த வழக்கில் முக்கியமாகப் படுவது இதுதான்: ஒன்றுக்கென்று வாங்கிய பணத்தை, எவ்வளவு நல்ல எண்ணமானாலும், கொடுத்தவரிடம் சொல்லாமல் வேறொன்றுக்கு மாற்றினால் அது குற்றம்.

மறுபக்கத்தையும் எழுதாவிட்டால் நான் நியாயஸ்தன் இல்லை. 2011-ல் சத்ய சாயி பாபா மறைந்த பிறகு புட்டபர்த்தியில் அவர் அறையைத் திறந்தபோது 98 கிலோ தங்கமும் 307 கிலோ வெள்ளியும் பதினொன்றரைக் கோடி ரூபாய் ரொக்கமும் எண்ணப்பட்டதாகச் செய்தி வந்தது. நாடே வாயைப் பிளந்தது. அதே அமைப்புதான் அனந்தபூர் மாவட்டக் கிராமங்களுக்குக் குடிநீர் கொண்டுபோனது. கண்டலேறு–பூண்டி கால்வாயைச் செப்பனிட்டுச் சென்னைக்குத் தண்ணீர் வர உதவியது. அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் நாம் பலரும் தங்கத்தைப் பற்றிப் பேசினோம். பளபளப்பை மட்டும் வைத்து ஓர் இடத்தை எடைபோட முடியாது. எளிமையான காவித்துணிக்குள் பெரிய திருட்டு இருந்ததையும் என் மேஜையில் பார்த்திருக்கிறேன்.

என் மேஜை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு மடத்தின் கணக்கு என்னிடம் வந்தது. ‘பூஜைச் செலவு’ என்ற தலைப்பில் ஒரு பெரிய தொகை. ரசீதைக் கேட்டேன். கடைசியில் வந்தது ஒரு காரின் பில். பதிவு அறங்காவலர் ஒருவருடைய மருமகன் பெயரில். கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடம் அவர்கள் வேறு ஆடிட்டரிடம் போனார்கள். அந்த மடத்தின் பக்தர்களில் ஒருவராவது அந்த வருடம் ‘வரவு செலவு அறிக்கையைக் காட்டுங்கள்’ என்று கேட்டிருந்தால் அது நடந்திருக்காது. யாரும் கேட்கவில்லை. கேட்பது அவநம்பிக்கை என்று நினைத்தார்கள்.

உங்கள் அம்மா அப்படி நினைக்க வேண்டியதில்லை என்று நான் சொல்வதற்கு அவருடைய தொழிலே காரணம். தலைமை ஆசிரியையாக இருந்தவர். சத்துணவு முட்டைக்குக்கூடக் கணக்குக் காட்டியிருப்பார். தணிக்கைக்கு ஆள் வரும்போது தன்னைத் திருடி என்று சொல்ல வருகிறார்கள் என்றா நினைத்தார்? பதிவேட்டை எடுத்து முன்னால் வைத்துவிட்டு, காபி கொடுத்து அனுப்பியிருப்பார். அந்த டீச்சரை ஆசிரமத்துக்கு அழைத்துப் போங்கள். ‘அம்மா, பள்ளிக்கூடமாக இருந்தால் இதை எப்படிப் பார்ப்பீர்கள்?’ என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். வாதாட வேண்டாம்.

அவர் கேட்க வேண்டியது ஒரு காகிதம்: அறக்கட்டளையின் போன வருடத் தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவு அறிக்கை. ‘நான் கொடுத்தது மண்டபத்தில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஆசை’ என்று அன்போடு கேட்கட்டும். கொடுத்தால் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். ‘ஐயாவிடமே கணக்கா?’ என்று பதில் வந்தால், அந்தச் சொல்லை அம்மாவே தன் காதால் கேட்கட்டும். உங்கள் அண்ணன் அனுப்பிய படங்கள் அத்தனையும் செய்யாததை அது செய்யக்கூடும். செய்யாமலும் போகலாம்.

இதற்கிடையில் நீங்கள் ஓசையில்லாமல் பார்க்க வேண்டியது, மாதம் 18,000 யாருடைய கணக்கில் போய் விழுகிறது என்பது. அம்மாவின் வங்கிப் புத்தகத்திலோ கூகுள் பேயிலோ பெறுபவரின் பெயர் இருக்கும். அது அறக்கட்டளையின் பெயரா, ஒரு தனிமனிதரின் பெயரா? நான்கு வருடத்தில் 8 லட்சத்து 64 ஆயிரம் ரூபாய். தனிமனிதர் கணக்குக்குப் போயிருந்தால் அது அறக்கட்டளைக்குக் கொடுத்த நன்கொடையே இல்லை. அந்த மனிதருக்குக் கொடுத்த அன்பளிப்பு. அறக்கட்டளையின் வருமானத்தை நிறுவியவரோ அறங்காவலரோ அவர்களுடைய உறவினரோ சொந்தச் சுகத்துக்குப் பயன்படுத்தினால் அந்தத் தொகைக்கு வருமான வரி விலக்குப் பறிபோகும். அந்த விதிக்குப் பயந்துதான் சிலர் பணத்தை அறக்கட்டளைக்குள் வரவே விடுவதில்லை.

‘80ஜி வரி விலக்கு உண்டு’ என்று ரசீதில் அச்சடித்திருப்பார்கள். அதற்கு மயங்க வேண்டாம். ஓய்வூதியம் மட்டுமே வருமானம் என்றால், வருடம் 4 லட்சத்து 56 ஆயிரத்துக்கு அம்மா வரியே கட்ட வேண்டியதில்லை. கட்டாத வரியில் என்ன விலக்கு? வளையலுக்கும் வீட்டுக்கும் எப்படியும் கிடையாது. பணமாகக் கொடுத்ததற்குத்தான் அந்தச் சலுகை, அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் போனால் இல்லை. இருந்தாலும், கொடுத்தவர் பட்டியலை வருமான வரித் துறையிடம் தாக்கல் செய்து, அங்கிருந்து எடுத்த சான்றிதழை அறக்கட்டளை தரவேண்டும் என்ற விதி 2021-22 நிதியாண்டிலிருந்து இருக்கிறது. அந்தச் சான்றிதழ் அம்மாவிடம் இருந்தால் பணம் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. ஐயாவின் படம் போட்ட ரசீது மட்டும் இருந்தால், நான் கொஞ்சம் கவலைப்படுவேன்.

வீட்டு விஷயத்தில் அம்மா பிடிவாதமாக இருந்தால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ‘உயிலாக எழுதுங்கள் அம்மா’ என்று சொல்லுங்கள். உயில் அவர் காலத்துக்குப் பிறகுதான் நடைமுறைக்கு வரும். நாளைக்கே கிழித்துப் போட்டு வேறு எழுதலாம். தானமாகவோ செட்டில்மெண்டாகவோ பதிந்து, அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டால் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. ஆசிரமத்தார் உயில் போதாது, இப்போதே பத்திரம் வேண்டும் என்று அவசரப்படுத்தினால், அதையும் அம்மா கவனிக்கட்டும். அப்படியும் பதிவுதான் என்று ஆகிவிட்டால், ஆயுள் வரை அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை தனக்கு உண்டு என்றும், தன்னைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்றும் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால், பராமரிக்காதபோது 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின் கீழ் கோட்டாட்சியரிடம் போகலாம்.

பாவமா என்று கேட்டீர்கள். அதற்கு நான் சரியான ஆள் இல்லை. ஆனால் அந்த ஆசிரமத்தில் அம்மா என்ன வாங்குகிறார் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் ‘டீச்சரம்மா வந்துவிட்டார்களா?’ என்று கேட்க அங்கே நாலு பேர் இருப்பார்கள். கரூர் வீட்டில் அந்தக் கேள்வியை யார் கேட்கிறார்கள்? குத்திக்காட்டவில்லை, எனக்கும் வெளியூரில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அவரோடு அங்கே போய், சமையலறையில் காய் நறுக்கிவிட்டு வாருங்கள். அண்ணனிடம் படம் அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். முடிந்தால் அவரையே ஒரு முறை காரோட்டிக்கொண்டு போய் அம்மாவை ஆசிரம வாசலில் இறக்கிவிடச் சொல்லுங்கள்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த மாத்திரை. வில்லங்கச் சான்றிதழ் அடுத்த வாரம் வாங்கலாம். ரத்த அழுத்தம் காத்திருக்காது. ‘ஐயா பார்த்துக்கொள்வார்’ என்பவரிடம் நீங்கள் சொன்னால் எடுபடாது. அவரிடம் படித்த பிள்ளை யாராவது கரூரில் டாக்டராக இருப்பார். தலைமை ஆசிரியைகளுக்கு அப்படி ஒருவர் எப்போதும் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து, இந்த வாரமே அழைத்துப் போங்கள்.